திண்ணனார் கற்ற கலை

ஆளுடைய நம்பிகள் திருத்தொண்டத்தொகையுட் கண்ணப்ப நாயனாரை வணங்குமிடத்து, அவரைக் கலை நிறைந்த சிறப்பினர் என்னும் பொருள்பட ஓதியருளினர். இதனை ஓதுவார் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. நாயனார் வேடர் குலத்தில் உதித்தவர். வேதமாதல் ஆகமமாதல் ஆசிரியன்பாற் கேட்டவரல்லர். வாய்நீரை மஞ்சனமாகவும், தலைமயிரிற் செருகிய பூவை அருச்சனை மலராகவும், தாம் சுவைத்துத் தேர்ந்த ஊனைத் திருவமுதாகவும் கொடுத்தவர். அத்தகையார்பால் நிறைந்திருந்த கலைதான் யாது?

இதற்கு விடை கூறுவார் இருதிறத்தர். ஒருசாரார், அன்பினும் உயர்ந்த கலை பிறிதின்மையின் அதுவே ஈண்டுக் கலையெனப்பட்டது என்பர். மற்றொருசாரார், வில் முதலிய படைக்கலப் பயிற்சியே அச்சொல்லாற் குறிக்கப்பட்டது என்பர். இரண்டும் கொள்ளத்தக்கனவே. ஆயினும் முன்னையது வேட்டையை முற்றும் விலக்கிவிடுகின்றது. பின்னையது அன்பை விலக்கிவிடுகின்றது. வேட்டைக்கும் அன்பிற்கும் இடையே பாலமாய் நின்றது ஒன்று உண்டு என்பதும், அஃது இளமை தொட்டே திண்ணனார்க்குப் பயிற்றப்பட்ட பொறுமை என்பதும், சேக்கிழார் பெருமான் அமைத்த நெறியே பற்றி நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணமும் உண்டு. கண்ணப்ப நாயனார் புராணத்தை அவையில் விரிப்போருட் சிலர் வேட்டைப் பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். கொலையும் ஊனும் மலிந்த அப்பகுதியைச் சைவ நன்மக்கள் நடுவிலும் சிறுவர் நடுவிலும் விரித்தல் கூச்சந்தருவது என்பது அவர் கருத்துப்போலும். அதனால் திண்ணனார் பிறந்தார், வளர்ந்தார், பன்றியைத் தொடர்ந்தார், மலையேறினார், அன்பு மீதூர்ந்தது என நான்கு சொல்லில் முன்பாதி முடிந்துபோகின்றது. கேட்குஞ் சிறுவனோ, அன்பென்பது முன்னறிவிப்பின்றித் திடீரென வந்து விழும் ஒன்று என்றும், அதற்குப் பழக்கமும் வேண்டா, ஒழுக்கமும் வேண்டா என்றும் எண்ணி எழுந்து செல்கின்றான். புராணம் கூறுவது அதுவன்று.

புராணத்தின் அளவையே முதற்கண் நோக்குக. 180-க்கு மேற்பட்ட திருவிருத்தங்களையுடைய இப்புராணத்தில், திண்ணனார் குடுமித்தேவரைக் காண்பது பாதி கடந்த பின்னரேயாம். அதற்கு முன்னுள்ளன வேட்டுவர் ஊரும், மகப்பேறும், பிள்ளைப் பருவமும், விற்பயிற்சியும், முதல் வேட்டையுமே. பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் அருளிய திருக்கண்ணப்பதேவர் திருமறங்கள் இரண்டும் இவ்வரலாற்றையே பொருளாகக் கொண்டவை. அவற்றுள் வேடர் வேடராகவே நம்முன் தோன்றுகின்றனர். அவர்தம் பிள்ளைமை விரித்துரைக்கப்படவில்லை. சேக்கிழாரோ குழந்தையைக் காட்டுகின்றார், தந்தையைக் காட்டுகின்றார், பழக்கிய முதியோரைக் காட்டுகின்றார். மிகைபடக் கூறல் என்னுங் குற்றத்திற்கு அஞ்சும் அப்பெருமான் இத்துணை விரித்தது வீணன்று. பின்பாதிக்கு வேண்டும் வித்தெல்லாம் முன்பாதியில் இட்டுவைத்தார் என்பதே உண்மை.

இனி அவ்வித்துக்களை ஒவ்வொன்றாக நோக்குதும்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரை வருணிக்கும்போது ஆசிரியர் முதலிற் காட்டுவது படையையும் பிணத்தையும் அன்று. விளாமரக் கிளைகளில் வார்வலைகள் தொங்குகின்றன; அருகே பார்வை விலங்குகள் கட்டப்பட்டுள்ளன. பார்வை என்பது காட்டு விலங்கை அருகழைத்துப் பிடித்தற்பொருட்டுப் பழக்கி வளர்க்கப்படும் விலங்கு. அவற்றுள் மானும் ஒன்று. மான்வேட்டையின் முதற்பாடம் இப்பார்வை மானிலேயே அடங்கிக் கிடக்கின்றது. காட்டுக்குரிய மான் தன்னியல்பான அச்சம் நீங்கி மனிதன் பக்கத்தில் மேய்ந்து நிற்பதற்கு எத்தனை நாள் வேண்டும்! அதனை அடித்துப் பழக்குதல் இயலாது. ஓட்டிப் பழக்குதலும் இயலாது. அருகிருந்து, தழையூட்டி, அதன் வெருட்சி தீருங்காறும் காத்திருப்பவனுக்கே அது வசமாகும். பின்னும் அதனை வெளியில் விட்டு, காட்டுமான் அதனை நாடி வருமளவும் மூச்சடக்கி மறைந்திருத்தல் வேண்டும். எனவே வேட்டுவன் வீட்டு முற்றமே பொறுமையின் பள்ளிக்கூடமாயிற்று.

அம்முற்றத்தில் விளையாடும் குழவிகளை அடுத்துக் காட்டுகின்றார். சிறுவர் புலிக்குட்டிகளோடும் யானைக்கன்றுகளோடும் கூடி ஆடுகின்றனர். சிறுமியர் தம்பால் அன்புகொண்டு அணையும் மான்பிணைகளோடு இன்புற்று ஆடுகின்றனர். குட்டி, கன்று, பிணை என்னும் இம்மூன்றையும் நினைவிற் கொள்க. பின்னர்த் திண்ணனார் தலைமையில் வேடர் காடு புகுந்து வலைகட்டி நாயேவி வேட்டையாடுமிடத்து, அவர் எவற்றைக் கொல்லாது விட்டனர் என ஆசிரியர் எண்ணிக் கூறுகின்றார். யானைக்கன்றைத் தொடரவில்லை, சிறு குட்டிகளைக் கொன்று மிகைக்கொலை புரியவில்லை, கருவுற்று நடை தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. ஊரில் எம்மூன்றனோடு விளையாடினரோ, காட்டில் அம்மூன்றுமே தப்பின.

இவ்விரு திருவிருத்தங்களையும் எதிரெதிர் வைத்து நோக்காதவர்க்கு முன்னையது வெறும் ஊர் வருணனை. பின்னையது வெறும் வேட்டை வருணனை. ஒருங்கு வைத்து நோக்குவார்க்கோ ஒரு கல்விமுறை முழுமையும் புலனாகும். வேட்டையில் வில்வளைப்பது எளிது. வளைத்த வில்லைத் தளர்த்துவது அரிது. குறியெதிரே இரை நிற்க, கை அம்பைத் தொட்டிருக்க, கண் அதனைக் கருவுற்ற பிணையென்று காணுமாயின், கணப்பொழுதில் கையை அடக்குதல் வேண்டும். இவ்வடக்கம் அக்கணத்தில் பிறப்பதன்று. முற்றத்தில் அப்பிணையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆடிய நாளிலேயே பிறந்து, உடன்வளர்ந்து, வேண்டுங்கால் வந்து கையைப் பிடிப்பதாகும். பிள்ளைக்குப் பொறுமையைச் சொல்லால் உபதேசிப்பதிற் பயன் சிறிது; இளையதும் எளியதுமாகிய ஓருயிரோடு பழகவிடுதலிற் பயன் பெரிது என்பதே சேக்கிழார் கருத்தென்க.

நாகனை நோக்குக. ஆசிரியர் அவனை வீணே புகழவில்லை. குற்றத்தையே குணமாகக் கொண்டு வாழ்பவன் என்றே கூறுகின்றார். அத்தகையானும் மகப்பேற்றின் பொருட்டு நெடுநாள் காத்திருந்தவன். முருகப்பெருமான் திருமுன் சேவலும் மயிலும் விட்டு வழிபட்டு மகனைப் பெற்றவன். காத்திருந்து பெற்ற மகனை அவன் கண்டிக்குமாறும் வியக்கத்தக்கது. குழந்தைத் திண்ணனார் பார்வைப் புலியின் பிளந்த வாயை ஏதோ ஒரு மலைமுழை என்று கருதிக் கைநீட்டுகின்றார். கண்ட தந்தை பதறுகின்றான். பதறியும் அவன் ஓங்கியது கோலன்று, வில்லன்று, பசுந்தழை! அவ்வளவிற்கே குழந்தையின் கண்கள் நீர்மல்குகின்றன. அத்துளிகளைத் தாய் தன் வாய்முத்தங் கொடுத்து மாற்றுகின்றாள். ஞாயிறும் திங்களும் கண்ணாகவுடைய இறைவனது கண்நோயைத் தீர்க்கப்போகுங் கண்கள் இவை எனவும் அவ்விடத்தே குறிப்பித்தருள்கின்றார். கொலைத்தொழிலோன் ஒருவன் தன் மகவுக்குப் பச்சிலையை ஓங்கினான் என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். பொறுமையிழந்து அடித்த கையினிடம் பிள்ளை கற்பது அச்சமொன்றே. அச்சத்தால் அசையாதிருப்பது பொறுமையாகாது என்பதை இச்சிறு செய்தி உணர்த்தும்.

அத்திருவிருத்தத்திற் கண்ணீர்த்துளியும் முத்தம். தாய் தந்ததும் முத்தம். ஒரு சொல் முத்துக்கும் வாயொற்றுதற்கும் பொருந்தி நிற்றலைத் தமிழறிந்தார் யாவரும் சுவைப்பர். எனினும் முத்தின் அருமையை நேரில் உணர்ந்தார்க்கே அச்சுவை முழுமையும் கைகூடும். அவ்வகையில் தூத்துக்குடிக் கரையிலும் அதனை அடுத்த கொற்கை நாட்டிலும் வாழும் அன்பர்கள் ஏனையோரினும் பேறுடையர். ஒரு கண்ணீர்த்துளியை முத்தென்று சொல்வதற்கு எத்தனைப் பொறுமையை அதனுள் அடக்கிச் சொல்லவேண்டும் என்பது அக்கரையோர் அறிந்தது.

கொற்கை பண்டு பாண்டியர் துறைமுகம். இன்று கடல் விலகித் தாமிரபரணிக் கழிமுகத்தை அடுத்த உள்ளூராய் நிற்பது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலாகிய பெரிப்ளூஸ் அங்கு நிகழ்ந்த முத்துக்குளிப்பைக் குறிக்கின்றது. பிற்காலத்தில் அத்தொழிலின் நடுவிடம் தூத்துக்குடியாயிற்று. போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆள்வோர் மாறினும் தொழிலின் முறை மாறவில்லை. கடலடியிற் சிப்பிகள் பற்றி வளரும் திட்டைகளுக்குப் பார் என்று பெயர். குளிப்பதற்கு முன் பார்களைச் சோதித்தல் வழக்கம். மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதும் முத்தின் தரமும் மதிப்பிடுவர். இளஞ்சிப்பியாயின் அவ்வாண்டு குளிப்பில்லை. பாரை அப்படியே விட்டுவிடுவர். சிப்பி குளிப்புக்குத் தகுதியாக ஏறக்குறைய நான்கைந்து ஆண்டு வேண்டும். விரைந்து எடுத்தால் முத்து இல்லை, பாரும் அழியும். காலந்தவறினால் சிப்பி தானே மடியும். ஆதலின் அத்தொழிலில் ஆண்டுக்கணக்காகக் குளிப்பின்றிக் கழிந்த காலங்கள் பல. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் தொடர்ந்து குளிப்பு நிகழ்ந்தது. அதற்குப் பின் அத்தகைய பெருங்குளிப்பு இல்லை. 1973-ஆம் ஆண்டு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தனர். அங்கும் கருவை இட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருத்தலே வேலையாயிற்று.

குளிப்போரின் நிலையும் அத்தகையதே. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அத்தொழிலிற் பேர்பெற்றவர்கள். எட்டுப் பத்துப் பாக ஆழத்தில், கல்லைக் காலிற் பிணைத்து மூச்சடக்கி ஒருவர் இறங்குவார். தோணியின்மேல் மற்றொருவர் அவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழிருப்பவர் கயிற்றை அசைக்குமளவும் மேலிருப்பவர் இழுத்தலாகாது. அசைத்தபின் நொடியும் தாழ்த்தலாகாது. முன்னது வீண், பின்னது உயிர்க்கேடு. கரைசேர்ந்த சிப்பியையும் உடனே பிளந்து முத்தெடுப்பதில்லை. தசை அழுகிக் கழியுமட்டும் வைத்துப் பின்னரே கழுவித் தேடுவர். சங்குகுளிப்பிலும் இதுவே நெறி. அரசாங்கத்தார் நடத்திய சங்குகுளிப்பில், கரைக்கு வந்த சங்கை அளவுகருவியில் இட்டுப் பார்த்து, அளவிற் குறைந்த இளஞ்சங்கை உயிரோடு கடலிலேயே விட்டுவிடுமாறு விதியிருந்தது. உடுப்பூர் வேடர் காட்டில் விட்ட குட்டியும் கன்றும் பிணையும், தூத்துக்குடிக் கடலில் விட்ட இளஞ்சங்கும் ஒரே அறத்தின்பாற்பட்டவை. அவ்வறம் கொள்வோனைத் தடுக்கும் விதியாக வந்தது. நாளடைவில் அவன் உள்ளத்தைத் திருத்தும் ஒழுக்கமாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். கொலையிற் சிறிது குறைத்துக் கொள்ளுதல் அறமாகுமோ? புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரமாக வகுத்த நாட்டில், குட்டியை விட்டுத் தாயைக் கொன்றானைப் பொறுமையுடையான் என்று போற்றுதல் தகுமோ எனின், இத்தடை வலியுடையது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சேக்கிழார் கொலையை அறமென்று எங்கும் கூறிற்றிலர். வேட்டுவக் குடியில் பிறந்தான் ஒருவன் அக்குடித் தொழிலில் நின்றவாறே எவ்வளவு அடக்கம் எய்தக்கூடும் என்பதையே காட்டினர். இருக்குமிடத்திலிருந்து ஏறவேண்டிய படியைக் காட்டுதல் வேறு. அப்படியிலேயே தங்கியிருக்கச் சொல்லுதல் வேறு. நாயனாரும் அப்படியில் தங்கிற்றிலர். ஆறாம் நாளில் அவர் அம்பு சென்று பாய்ந்தது தம் கண்ணின்மேலேயன்றோ? பிறிதோருயிரின் ஊனைத் தேடிய வேட்டை, தன்னூனைக் கொடுப்பதில் முடிந்தது. அவ்வம்பின் பயணம் முழுமையும் அறியவேண்டின் அது புறப்பட்ட இடத்தையும் அறிதல் வேண்டும். ஆதலின் வேட்டைப் பகுதியை ஒளித்தல் தகாது.

வேட்டையின் நடுவே ஆசிரியர் அமைத்த உவமை ஒன்று சித்தாந்தம் பயில்வார் ஊன்றி நோக்கற்பாலது. வலையை அறுத்துக்கொண்டு ஓடும் விலங்கை வேட்டைநாய் மறித்துப் பற்றுகின்றது. இருவினையாகிய வலையிற் சுழல்பவர், நன்னெறியிற் செல்ல எழும் மனத்தைப் பொறிகள் இடைநின்று தடுக்குமாறு போல அது நிகழ்ந்ததாக உவமிக்கின்றார். காடே பிறவியாய், வலையே வினையாய், நாயே பொறியாய் நம் கண்முன் மாறிவிடுகின்றது. பின்னர் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் உயிரை அரசிளங்குமரனாகவும் ஐம்புலன்களை வேடராகவும் வைத்து, அவரிடை வளர்ந்து தன்னை மறந்தவனுக்கு முதல்வன் குருவாய் வந்து உணர்த்துவான் என்று அருளினர். இவ்வேட்டைப் பகுதியைப் பயின்றார்க்கு அச்சூத்திரம் எளிதிற் புலனாகும். வேடரிடை வளர்ந்தும் ஐம்புல வேடர்க்கு ஆட்படாதார் ஒருவரை முன்னரே கண்டுவிட்டனர் ஆதலின்.

அவ்வேட்டையில் வலைக்கும் நாய்க்கும் தப்பி ஓடியது ஒரு பன்றி. வேடர் கூட்டம் பின்தங்க, திண்ணனாரும் நாணனும் காடனுமாகிய மூவரே அதனைத் தொடர்ந்தனர். பதினாறாண்டுப் பருவத்தார், முதல் வேட்டையிற் புகுந்தார், தலைமை ஏற்ற நாளில் நிற்பார். அவர் கையில் வில்லும் அம்பும் உண்டு. எய்திருக்கலாம். எய்யவில்லை! பன்றி நெடுந்தூரம் ஓடி வலிகுன்றி ஒரு மலைச்சாரல் மரச்சூழலில் நிற்குமளவும் அடிவழியே தொடர்ந்து சென்றார். சென்றும் கணையாற் கொல்லக் கருதாது, அருகணைந்து சுரிகையாலேயே வீழ்த்தினார் எனப் புராணம் பகரும். தொலைவிலிருந்து எய்து முடித்திருப்பின் ஓட்டமும் இல்லை, பசியும் நீர்வேட்கையும் இல்லை, பொன்முகலியாறு இல்லை, திருக்காளத்தி மலையும் இல்லை. விரைவு பன்றியைத் தந்திருக்கும். பொறுமையோ பரமனைத் தந்தது.

மலைமேல் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தன. இறைவர் தனியே இருக்கின்றனரே என்னும் கவலையால், வில்லேந்திய கையராய் அவ்விரவு முழுதும் கண்ணிமையாது நின்று காத்தார் திண்ணனார். பதினாறாண்டு இளைஞன் ஒருவன் ஓரிரவு முற்றும் அசையாது நிற்றல் யாங்ஙனம் கூடிற்று? அன்பினால் என்பர். அன்பினாலேதான், ஐயமில்லை. ஆயினும் அன்பு ஏறி அமர்வதற்கு ஒரு பழகிய உடல் வேண்டும். இரைக்காக மூச்சடக்கி நிற்கப் பழகிய அவ்வுடலை அன்பு தனக்கு ஊர்தியாகக் கொண்டது. பழக்கம் அன்பைத் தோற்றுவிக்கவில்லை. வந்த அன்பை ஏந்தி நின்றது. நாகனும் தேவராட்டியும் வந்து அழைத்தும் மருட்டியும் அவரைப் பெயர்க்க இயலாமற் போயதும் இதனாலேயே.

இனிச் சிவகோசரியாரைக் காண்க. நாடோறும் வந்து திருமுன் ஊன்கிடக்கக் கண்டு நொந்து, அலகிட்டுத் தூய்மைசெய்து, விதிப்படி பூசித்து, மறுநாளும் அதுவே கண்டு கதறிய அம்முனிவர்க்கு இறைவர் கனவில் யாது கட்டளையிட்டருளினர்? மறைந்திருந்து காண்க என்பதே. ஓசையின்றி, அசைவின்றி, தன்னை வெளிக்காட்டாது ஒளித்திருந்து பார்த்தல் வேட்டுவன் செயலன்றோ? ஆகமம் வல்ல அந்தணர்க்கு இறைவர் விதித்த இறுதிப்பாடம், வேடன் மகன் இளமையிலேயே கற்ற முதற்பாடமாயிற்று! விலங்கைப் பார்த்து மறைந்திருந்த குலத்தான் வெளிப்பட நின்று பூசிக்கின்றான். வெளிப்பட நின்று பூசித்த குலத்தார் மறைந்திருந்து பார்க்கின்றார். இருவரும் ஒருவர் கலையை மற்றொருவர் கற்றுக்கொண்ட இடம் திருக்காளத்தி. நம்பிகள் கூறிய கலை நிறைவு இதுவெனக் கொள்ளின் இழுக்கென்னை?

மற்றுமொரு தடை உண்டு. ஆறாம் நாள் குருதி பெருகக் கண்டவுடன் தம் கண்ணைத் தாமே அகழ்ந்த செயல் பொறுமைக்கு முற்றும் மாறன்றோ எனின், அற்றன்று. புராணம் கூறும் முறையை நோக்குக. குருதி கண்டு நிலமிசை வீழ்ந்தார், எழுந்து துடைத்தார், நில்லாமை கண்டு, ஊறுசெய்தார் வேடரோ விலங்கோ எனச் சிலைகொண்டு நெடிது தேடினார், காணாமையின் மீண்டு கட்டிக்கொண்டு அழுதார், அம்புபட்ட புண்ணிற்கு வேடர் இடும் மருந்துகளை நினைந்து சென்று கொணர்ந்து பிழிந்தார், அதனாலும் நில்லாமை கண்ட பின்னரே ஊனுக்கு ஊனிடும் முறையை எண்ணினார். துன்பத்தின் உச்சியிலும் அறிந்த வழி ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்து பார்த்தவர் அவர். வழியெல்லாம் அடைபட்டபின் ஒருநொடியும் தாழ்த்திலர். மற்றைக் கண்ணையும் அகழப்புகும்போது, அதன்பின் இடங்காண்டல் இயலாதென்று திருக்கண்ணிற்குத் தம் திருவடியை அடையாளமாக ஊன்றிக்கொண்ட முன்னறிவு பதற்றக்காரனுக்கு வருவதன்று. காலம் வருமளவும் கொக்கைப்போல் ஒடுங்கியிருத்தலையும், வந்தபின் அது குத்துமாறு போலத் தவறாது செய்தலையும் திருவள்ளுவனார் காலமறிதலில் ஒருங்கு வைத்துக் கூறினர். இரண்டும் ஒரே குணத்தின் இருபுறங்கள். கயிறு அசையுமட்டும் காத்திருந்து, அசைந்த நொடியில் இழுக்கும் தோணிக்காரர் இதற்குச் சான்று.

அவ்விடத்தே இறைவர் மும்முறை தடுத்துத் திருக்கரத்தாற் பிடித்துக்கொண்டருளினர். ஆறு நாளும் பார்த்திருந்தவர் அவரே. குருதியைப் பெருக்கிக் காட்டியவரும் அவரே. உயிர்களின் மலம் பரிபாகம் அடையுமட்டும் காத்திருந்து, அடைந்த கணத்தில் தாழாது வந்து ஆட்கொள்வது அவர் இயல்பு. பாரிற் சிப்பி முதிருமட்டும் காத்திருத்தலை இதற்கு ஒருபுடை உவமையாகக் கூறலாம். ஆனால் சிப்பி காலங்கடந்தால் மடியும். காத்திருந்தவன் வெறுங்கையனாய் மீள்வான். உயிரோ எப்பிறப்பில் முதிரினும் அழிவதில்லை. காத்திருக்கும் முதல்வனும் மீள்வதில்லை. வேடன் பொறுமையும், முத்துக்குளிப்பான் பொறுமையும் தன்பொருட்டு. பரமன் பொறுமை நம்பொருட்டு.

தூத்துக்குடியைச் சூழ்ந்த நாட்டார்க்கு இப்பொறுமை புதிதன்று. ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபர அடிகள் ஐந்தாண்டளவும் பேசாதிருந்தனர் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூர்ச் சந்நிதியிற் கிடத்தி நோன்பிருந்தனர் என்றும், அடிகள் வாய்திறந்த போது கந்தர் கலிவெண்பா பிறந்தது என்றும் வரலாறு வழங்குகின்றது. ஐந்தாண்டு பேசாத பிள்ளையை வெறுக்காத பெற்றோர் இல்லையேல் அந்நூல் நமக்கு ஏது?

இக்காலத்தில் மான்வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது. அது நன்றே. ஆயினும் வேட்டையால் வந்த பொறுமையை வேட்டையின்றியே பிள்ளைகட்குப் பயிற்றலாம். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் வல்லநாட்டுக் குன்றுகள் உள்ளன. அங்கே சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1987-ஆம் ஆண்டு வெளிமான் சரணாலயம் அமைக்கப்பட்டது. முறுக்கிய கொம்புடைய அம்மானினம் இயற்கையில் வாழுமிடங்களுள் இந்தியாவின் தென்கோடியில் உள்ளது அதுவே. ஓடிச்சென்று பார்ப்பவனுக்கு அங்கே புதரும் புழுதியுமே காட்சி. வாய்மூடி ஓரிடத்திருந்து, வெயில் தாழுமட்டும் கண்ணைச் செலுத்திக்கொண்டிருப்பவனுக்குக் கருங்கலை ஒன்று தலைநிமிர்ந்து நிற்கக் காணுதல் கூடும். கையில் வில்லின்றியே கற்கத்தக்க வேட்டைப்பாடம் அது. அங்ஙனம் ஒரு மானைக் கண்டுவந்த சிறுவன், இறைவர் இடக்கரத்தில் ஏந்திய மான் அஞ்சாது நிற்பதைத் திருவுருவிற் காணும்போது, அது யார் முன்னிலையில் அச்சம் நீங்கிற்று என்று தானே வினவுவான். அவ்வினாவிற்கு விடைகூறும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது.

ஆகவே கண்ணப்ப நாயனார் புராணத்தைப் பிள்ளைகட்குச் சொல்வோர், கண்ணிடந்தப்பிய இறுதியை மட்டும் சொல்லி அவரைத் திகைக்கச் செய்தொழிதல் போதாது. குட்டியோடும் கன்றோடும் பிணையோடும் ஆடிய முற்றத்தையும், பச்சிலை ஓங்கிய தந்தையையும், தாய் முத்தத்தால் மாறிய கண்ணீர் முத்தையும், வளைத்த வில்லைத் தளர்த்திய காட்டையும் சொல்லுக. அவற்றைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இறுதி தானே விளங்கும். விளங்குவதற்குச் சில ஆண்டு செல்லினும் செல்க. முத்து விளையுங் கரையினர்க்கு அது தெரியாததன்று.

திருச்சிற்றம்பலம்.